முதியோர் வகுப்பு மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டாவது மாதமே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. 15 வயதுக்கு மேல் ஆகியும் எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்குமான திட்டம் அது. பயிற்சிக்குப் போனால் எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்வார்கள், புத்தகமும் தருவார்கள். ஆள் வராவிட்டால் என்ன செய்வது, வந்தவர் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதை வகுப்புதான் சொல்லித்தரும், அதுவும் அடி கொடுத்துத்தான். நான் வாங்கின அடிகளிலிருந்து எழுதுகிறேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். என் வகுப்பில் 22 வயது மருமகளும் உண்டு, 70 தாண்டின அப்பத்தாவும் உண்டு. ஆடு மேய்க்கிறவர், கொத்தனார், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மில் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர் என்று கலவையான கூட்டம். ஊர்த் தெருவும் உண்டு, காலனியும் உண்டு.

மிக்ஸி ஓடவில்லை என்றால் முதலில் பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்ற மாட்டோம். வகுப்பிலும் அதே வரிசைதான். "இவுகளுக்கு மண்டையில ஏறாது" என்று முடிவுகட்டுவது மோட்டாரைக் கழற்றுகிற வேலை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை அதற்குத் தேவை வரவில்லை. கோளாறு ஒவ்வொரு முறையும் நேரத்தில் இருந்தது, வெளிச்சத்தில் இருந்தது, உட்கார்ந்த இடத்தில் இருந்தது. பாதி நேரம் என் வாயில் இருந்தது.

அறிகுறி: முதல் வாரம் பதினெட்டுப் பேர், மூன்றாம் வாரம் ஐந்து பேர்

பாடம் பிடிக்கவில்லை போல என்று பாட்டு, விளையாட்டு, சுண்டல் என்று சேர்க்கக் கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன், சுண்டல் மிஞ்சியது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். என் வகுப்பு மாலை ஆறரைக்கு. செவ்வாயும் வெள்ளியும் ஈ காக்கை இருக்காது. கோயிலுக்குப் போகிற நாள், விளக்கு வைக்கிற நாள் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் கீழத்தெரு வழியாக நடந்தபோதுதான் தெரிந்தது: என் மாணவிகள் மொத்தப் பேரும் குழாயடியில், ஆளுக்கு நாலு குடத்தோடு. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் விடுவது வாரத்தில் அந்த இரண்டு நாள்தான். எங்கள் வீட்டில் போர் இருக்கிறது. அதே ஊரில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அது தெரியவில்லை.

அதனால் வகுப்பு நேரத்தை நீங்கள் வைக்காதீர்கள். முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் என்றைக்கு வரும்? உலை எப்போது வைப்பீர்கள்? வேலையிலிருந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்? எங்களுக்குக் கடைசியில் பொருந்தி வந்தது மத்தியானம் மூன்று மணி. அதிகாரிகள் "மாலை வகுப்பு" என்று எழுதிவைத்திருக்கும் படிவத்தில் அது வராது. வராவிட்டால் போகட்டும்.

அடுத்தது பருவம். மாசி, பங்குனியில் புளி உலுக்கப் போவார்கள். சாமி சாட்டிவிட்டால் இரண்டு வாரம் ஊரே வேறு ஊராகிவிடும். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே நீங்களே லீவு விடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் விட்ட லீவு என்றால் திரும்பி வருவார்கள். அவர்களாக நின்றுவிட்டால், "பத்து நாள் போகல, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது" என்று அப்படியே நின்றுவிடுவார்கள்.

வராதவரைப் பார்க்கப் போனால் தெருவில் வைத்து "ஏன் கிளாசுக்கு வரல?" என்று கேட்கவே கூடாது. அவர் படிக்கப் போவது பக்கத்து வீட்டுக்கே தெரியாமல் இருக்கலாம். என் வகுப்பில் ஒரு அக்கா ஐந்து மாதம் "ரேஷன் கடைக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அறிகுறி: "கண்ணு தெரியல பாப்பா"

இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது என்று பிரித்துப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

முதல் அர்த்தம், நிஜமாகவே தெரியவில்லை. நாற்பது வயதைத் தொட்டதும் கிட்டத்துப் பார்வை மங்க ஆரம்பிக்கும். அதற்கு நம் மொழியிலேயே வெள்ளெழுத்து என்று பேர். எழுத்தே படிக்காதவருக்கு வெள்ளெழுத்து வந்தது எப்படித் தெரியும்? ஆடு தெரிகிறது, பஸ் வருவது தெரிகிறது, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். "வீட்டுல ஊசிக்கு நூல் கோக்கிறது யாரு?" என்று கேளுங்கள். "பேத்தி" என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. அரிசியில் கல் பொறுக்குவதையும் கேட்கலாம்.

சந்தையில் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கும் கண்ணாடியை அவசரப்பட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். புரை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம். முதலில் அரசு கண் முகாமுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் ஒன்பது பேராகப் போனோம். ஆறு பேருக்குக் கண்ணாடி, ஒருவருக்குப் புரை ஆபரேஷன். அந்த ஆறு பேரும் "இவுகளுக்கு ஏறாது" என்று நான் மனதுக்குள் ஒதுக்கிவைத்திருந்தவர்கள்.

இரண்டாவது அர்த்தம் வேறு. பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் "கண்ணாடி வீட்டுல இருக்கு, நீயே படிச்சுச் சொல்லு தம்பி" என்று முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. படிக்கத் தெரியாது என்பதை மானத்தோடு மறைக்கிற துணி. ஊசிக்கு நூல் கோக்கிறவர் வகுப்பில் கண் தெரியவில்லை என்றால், நீங்கள் அவரைக் கூட்டத்தில் எழுப்பிப் படிக்கச் சொல்லியிருப்பீர்கள். அதை நிறுத்துங்கள். எல்லோரும் சேர்ந்து வாசிக்கட்டும். அவருடைய குரலும் உள்ளே கலந்து, சில வாரத்தில் தானே மேலே வரும்.

அறிகுறி: தாள் கிழிகிற அளவுக்கு அழுத்துகிறார், பத்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்கிறார்

அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை. பிடி விட்டால் போச்சு என்று பழகிய கை. பென்சிலையும் அப்படித்தான் பிடிக்கும்.

நாலு வரி நோட்டை மூடி வையுங்கள். சாக்பீஸ் கொடுத்துத் தரையில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெரியம்மா மார்கழியில் வாசலை அடைத்துப் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போடுவார், ஒரு இழை பிசகாது. அதே கை நோட்டில் 'அ' போட வந்தபோது நடுங்கியது. அவருக்குக் கோலப்பொடியைக் கொடுத்து வராந்தாவில் 'ட' போடச் சொன்னேன். இரண்டு கோடு. போட்டுவிட்டு நிமிர்ந்து, "இம்புட்டுத்தானா?" என்றார். ஒரு முழ உயரத்துக்குப் போட்ட எழுத்தை நாளுக்கு நாள் சிறிதாக்கிக்கொண்டே வந்து, மூன்றாவது வாரம் நோட்டுக்குள் இறக்கினோம். கொத்தனாருக்குக் கோலம் சொன்னால் சிரிப்பார். அவருக்கு ஈர மணலும் குச்சியும்.

'அ'-வில் தொடங்காதீர்கள். அகரவரிசைக்கு மரியாதை உண்டுதான், ஆனால் சுழியும் வளைவும் கோடும் ஒன்றாகக் கூடும் 'அ' முதல் நாள் கைக்கு ஏற்ற எழுத்தல்ல. ட, ப இரண்டும் வெறும் நேர்கோடுகள், ம-வில் கூடுதலாக ஒரு வளைவு, அவ்வளவுதான். அவற்றோடு ஒரு துணைக்காலும் ஒரு புள்ளியும் சேர்த்தால் அதே வாரத்தில் படம், பட்டம், டப்பா, மாமா, பட்டா எல்லாம் வந்துவிடும்.

அந்தப் 'பட்டா'வில் கொஞ்சம் நில்லுங்கள். பலகையில் எழுதி எழுத்துக் கூட்டி முடித்ததும் ஒரு அண்ணன், "எங்க வீட்டுக்கு இன்னும் அது வரலயே" என்றார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பாடமே நடக்கவில்லை. யார் பேரில் இருக்கிறது, தாத்தா பேரிலிருந்து மாற்ற எங்கே போவது, மனு யார் எழுதிக் கொடுத்தார், அதற்கு எவ்வளவு வாங்கினார் என்று பேசித் தள்ளினார்கள். நேரம் வீணாகிறதே என்று உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. மறுநாள் வந்து பார்த்தால், அந்த ஒரு சொல்லை மட்டும் ஒருவர் விடாமல் எல்லோரும் எழுதினார்கள். பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது பிடித்ததும் இந்த நூலைத்தான்: படிக்க வந்தவர் வாயில் ஏற்கெனவே கனமாக இருக்கும் சொல்லை எடுத்து, அதிலிருந்து எழுத்தைப் பிரிப்பது. உங்கள் ஊரில் அந்தச் சொல் எது என்று டீக்கடையிலும் குழாயடியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களூரில் பட்டாவுக்கு அடுத்தபடி 'வட்டி'.

அறிகுறி: ஒருவர் எழுதுவது தமிழ் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது

தப்பு என்று அடிக்காதீர்கள். அறுபதைத் தாண்டியவர், சின்ன வயதில் இரண்டாவது மூன்றாவது வரை போய் நின்றவர் என்றால், அவர் எழுதுவது பழைய எழுத்து. 1978-ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன்னால் 'மலை', 'தலை' எழுதினால் 'லை'க்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டிக் கீழே சுழியும்.

எங்கள் அப்பத்தா 'விலை' என்று எழுதியதை நான் சிவப்பு மையில் சுழித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினார். அடுத்த நாள் விஷயம் புரிந்து, பலகையில் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "இதுல பழசு எது, புதுசு எது, நீங்களே சொல்லுங்க அப்பத்தா" என்றேன். அறுபது வருடத்துக்கு மேலாகக் கைக்குள் வைத்திருந்த எழுத்தை எடுத்து வகுப்புக்கு விளக்கினார். சிவப்புப் பேனாவை அன்றைக்கே தூக்கிப்போட்டேன்.

அறிகுறி: "படிச்சு நான் என்ன கலெக்டராவா ஆகப் போறேன்?"

இதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். கல்வியின் பெருமையை அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியாது. பிள்ளைகளைப் படிக்கவைக்க வட்டிக்கு வாங்கினவர் அவர்.

அவருக்கு எங்கே குத்துகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் அது பஸ் போர்டு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வடமதுரைக்கு ஏற வேண்டியவர், கடைசியில் உள்ள 'மதுரை' மட்டும் பழகின கண்ணோடு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்ட கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்று 2021-ல் ஆனபிறகு தனியாகப் போய்வருவது கூடியிருக்கிறது, போர்டின் தேவையும் கூடியிருக்கிறது. நான் ஆறு ஊர்ப் பெயர்களை அட்டையில் பஸ் போர்டு அளவுக்கு எழுதி, அறையின் ஒரு மூலையிலிருந்து ஓடி வருவேன். எட்டடி வருவதற்குள் சொல்ல வேண்டும். பஸ் நிற்காமல் போய்விடும் அல்லவா! இந்த விளையாட்டில் வெட்கப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் அதில் சேர்த்தார். எழுத்து வகுப்பில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு தானே மிதித்துப் போனவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. உங்கள் ஊரில் அந்தச் சைக்கிள் இப்போது எது? எங்களூரில் போன். ஆண் பிள்ளை உதவியில்லாமல் பேரனுக்கு வீடியோ கால் போடுவது.

அறிகுறி: ஒரு பக்கம் நெருக்கி உட்காருகிறார்கள், நடுவில் இடைவெளி, இன்னொரு பக்கம் நாலு பேர் வாசல் ஓரமாக

இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கத்தான் கை வரும். எனக்கும் வந்தது.

முதலில் பார்க்க வேண்டியது வகுப்பு நடக்கும் இடம். என் முதல் வகுப்பை எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தேன். நல்ல நிழல், ஃபேன் உண்டு, வீட்டுக்காரர் நல்ல மனிதர். காலனியிலிருந்து பெயர் கொடுத்த நாலு பேரில் ஒருவரும் வரவில்லை. ஆர்வமில்லை என்று பதிவேட்டில் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினதும் நாலு பேரும் வந்தார்கள், கூட மூன்று பேரோடு. அந்தத் திண்ணையில் அவர்கள் ஏறின பழக்கமில்லை. எனக்கு அது தெரியும்தான். தெரிந்ததை யோசிக்கவில்லை. கோயில் மண்டபம், யார் வீட்டு வாசல், யார் தோட்டத்துச் செட்டு என்று எதுவானாலும் ஒரு கூட்டத்துக்கு வாசல் சாத்திவிடும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நூலகம் மாதிரி அரசு இடம்தான் சரி. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக 2025-ல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர் வாயிலிருந்து போக இன்னும் நாளாகும், என் வாயிலிருந்தே முழுசாகப் போகவில்லை.

இரண்டாவது தண்ணீர். ஒரு குடம், ஒரு டம்ளர் வையுங்கள். முதலில் காலனிக்காரர் ஒருவர் மொண்டு கொடுக்க நீங்கள் குடியுங்கள். பேச்சு எதுவும் வேண்டாம். மற்றவர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வருவார்கள், வரட்டும். வெயில் காலத்தில் பாட்டில் மூன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. நான் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒருநாள் வாசல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவர், என் அம்மா வயது, வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது சாதாரணமாகக் கேட்டார்: "எங்களுக்கெல்லாம் மொற வச்சுக் கூப்புட மாட்டீங்களா பாப்பா?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருக்காரர்களை அக்கா, பெரியம்மா, அப்பத்தா. அவர்களைப் பெயரோடு 'வாங்க'. மரியாதை இருந்தது, முறை இல்லை. அந்த வித்தியாசம் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறது. எனக்கு எட்டு மாதம் கேட்கவில்லை. மறுநாள் "சின்னம்மா, வாங்க" என்றேன். என் நாக்கு கொஞ்சம் தடுக்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று அடுத்தவரையும் "வாங்க மதினி" என்றேன்.

அதற்கப்புறம் வருகைப் பதிவை நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொருவர் பெயரையும் பெரிய அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைப்பேன். வருகிறவர் ஒரு அட்டையை எடுத்து, அது யாருடையதோ அவரைத் தேடிப் போய் வாசித்துக் கொடுக்க வேண்டும். அட்டையைக் கொடுக்கப் போகிறவர் அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும். நடுவில் இருந்த இடைவெளி ஒரு மாதத்தில் பாதியானது. முழுசாகப் போகவில்லை. போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

யாராவது சாதிப் பெயரைச் சொல்லி இழித்துப் பேசினால் "விடுங்க, விடுங்க" என்று சிரித்து மழுப்பாதீர்கள். வகுப்பை அங்கேயே நிறுத்தி, இது இங்கே நடக்காது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அதற்கு 1989-லிருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சமாதானம் பேசுகிற வேலை உங்களுடையது இல்லை.

அறிகுறி: ஒருவரே எல்லாப் பதிலையும் சொல்கிறார்

பெரும்பாலும் எட்டாவது வரை படித்துவிட்டு மறந்துபோன இளம் மருமகள், அல்லது ஊரில் பேச்சுக்குப் பேர்போன ஒரு மாமா. அடக்காதீர்கள், வேலை கொடுங்கள். பலகையில் எழுதுவது அவர், வாசிப்பது மற்றவர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுகிறவரையும் ஜோடி சேர்க்கச் சொல்வார்கள், நல்ல யோசனைதான். ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்று விசாரித்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள். நான் தெரியாமல் மருமகளை மாமியாருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். "ஐயோ அத்தை, அது 'ள' இல்ல, 'ன'" என்று அந்தப் பெண் சொன்னது ஒருமுறைதான். இரண்டு பேரும் மூன்று வாரம் வரவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அறிகுறி: வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்

எங்கள் பக்கம் நூற்பாலைகள் அதிகம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பிகள் வருவார்கள். அவர்களை 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' பட்டியலில் சேர்க்கும் முன் அவர்கள் மொழியில் எழுதத் தெரியுமா என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் வந்தவர் ஒடியாவில் சரளமாகப் படிப்பார். அவருக்கு ட, ப, ம எல்லாம் இரண்டு நாள் வேலை.

அவர் தடுமாறியது வேறு இடத்தில். ஒடியாவிலும் இந்தியிலும் 'கடை'யின் க-வுக்கும் 'தங்கம்' என்பதில் வரும் க-வுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒன்றுதான். "இன்னொரு எழுத்து எங்கே டீச்சர்?" என்று தேடிக்கொண்டே இருந்தார். நாம் யோசித்தே பார்த்திராத விஷயம். சொல்லின் முதலில் வந்தால் அழுத்தம், ங்-க்குப் பின்னால் வந்தால் மெலிந்த ஒலி, 'பகல்' மாதிரி நடுவில் வந்தால் இன்னும் இளகின ஒலி என்று மூன்று சொல்லை வைத்துக் காட்டினதும் பிடித்துக்கொண்டார். ச, ட, த, ப நான்கையும் அவரே சோதித்துப் பார்த்தார்.

அவரைக் கூட்டத்தில் சேர்த்தது பலகைதான். அவர் ஊர்ப் பெயரை ஒடியாவில் எழுதச் சொன்னேன். வட்ட வட்டமாக எழுதினார். "இது எழுத்தா, ஜாங்கிரியா?" என்றார் அப்பத்தா. அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் ஜாங்கிரித் தம்பி.

அறிகுறி: கையெழுத்துப் போட வந்ததும் நின்றுவிடுகிறார்கள்

கோபப்படாதீர்கள். அதற்காகத்தான் வந்தார்கள். மகளிர் குழுத் தீர்மானப் புத்தகத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போடும்போது மைப்பெட்டியை எடுக்க வேண்டிய அந்த ஒரு நிமிடம் போதும், ஒரு மனுஷியை வகுப்புக்குக் கொண்டுவர.

ஆனால் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரேகை வைத்துக் கணக்குத் தொடங்கியவர், புதுசாகக் கற்ற கையெழுத்தைப் பணம் எடுக்கும் சீட்டில் போட்டு நீட்டினால் பேங்கில் திருப்பிவிடுவார்கள். அவர்கள் பதிவில் இருப்பது ரேகைதான். ஆசையாகப் போனவர் கூனிக் குறுகித் திரும்புவார். மாதிரிக் கையெழுத்தை மாற்ற எழுதிக்கொடுத்துவிட்டு வர, முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போடப் பழகிவிட்டவர் ரேகை வைத்தவரைவிட வேகமாகக் கடனில் மாட்டுவார். அதனால் கையெழுத்துக்கு அடுத்த பாடம் எண்கள். உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. போனில் வரும் செய்தியை எடுத்துவரச் சொன்னேன். ஒரு அக்கா பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம், "டீச்சர், ஒரு லட்சம் போட்டிருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீக" என்றார். 1000.00 என்று இருந்தது. புள்ளி அவர் கண்ணில் படவில்லை. அன்றைக்கு முழுக்கப் புள்ளிப் பாடம். கடன் அட்டையில், கரண்ட் ரசீதில், மருந்துச் சீட்டில், எங்கெல்லாம் புள்ளி இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டார்கள். நின்றுபோனவர்களில் நாலு பேர் அந்த வாரம் திரும்பி வந்தார்கள், செய்தி அப்படிப் பரவியிருக்கிறது.

அறிகுறி: தேர்வு என்றதும் காய்ச்சல் வருகிறது

திட்டத்தின் கடைசியில் ஒரு தேர்வு உண்டு: வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண். தேர்வு என்ற சொல்லையே கடைசி வாரம் வரை எடுக்காதீர்கள். விண்ணப்பம் நிரப்பும் பழக்கம் மட்டும் கொடுங்கள்: பெயர், ஊர், பிறந்த தேதி. பிறந்த தேதியில் சிரிப்பு வரும். ஆதார்ப்படி என் வகுப்பில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். சிரித்து முடித்தால் பயமும் பாதி இறங்கியிருக்கும்.

அறிகுறி: வகுப்பே நின்று மூன்று மாதமாகிவிட்டது

மழை, தேர்தல், உங்கள் வீட்டுக் கல்யாணம், காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மறுபடி 'ட'-வில் தொடங்காதீர்கள். மறந்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னதாக ஆகிவிடும். வீடு வீடாகப் போய், "பெயர் அட்டை எல்லாம் எங்கிட்டதான் இருக்கு, திங்கக்கிழமை மூணு மணிக்குக் கொண்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வருகிறபோது வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்துவரச் சொல்லுங்கள், ரசீதோ பத்திரிகையோ எதுவானாலும் சரி. போன முறை நான் அப்படித் திறந்தபோது ஏழு பேர் வந்தார்கள். அதில் ஆறு கல்யாணப் பத்திரிகை. சின்னம்மா கொண்டுவந்தது மட்டும் ஒரு பழைய மனு ரசீது. பட்டா கேட்டுக் கொடுத்தது. தேதியை அவரே வாசித்தார்.